குதிரேமுக் மலையும் வாராது போன வாடிக்கையாளரும்

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில் இரும்புத் தாதினை ஏற்றிக்கொண்டு அரபிக் கடலோரத்து மங்களூருக்குச் செல்லும் பாரிய கப்பலொன்று பாக்கு நீரிணையூடாகச் செல்ல முடியாது. அங்கு அதற்குப் போதிய ஆழமில்லை. ஆகையால் அது எமது கிழக்குக் கரைக்கு அப்பால் தெற்கு நோக்கி இறங்கி, தெய்வேந்திரமுனையைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் வடமேற்காகத் திரும்பியே மங்களூரை அடைய வேண்டும். இந்தியாவின் ஒரு துறைமுகத்திலிருந்து அதே நாட்டின் இன்னொரு துறைமுகத்திற்குத் தாதினைக் கொண்டு செல்வதற்காக ஒரு தீவையே சுற்றிவரும் இப்பயணம் வேடிக்கையானதாகத் தோன்றலாம். ஆனால், மங்களூருக்குப் பின்னால், அறுபத்தேழு கிலோமீற்றர் நீளமான குழாய் ஒன்றின் மறுமுனையிலே, இரும்பினாலான மலை ஒன்று தொடப்படாமல் நிற்கின்றது என்பதை அறிந்தால் வேடிக்கை வினாவாக மாறிவிடும். மலை வாசலில் இருக்கையில் தாது ஏன் கடல் சுற்றி வருகின்றது?

கர்நாடக மாநிலத்தின் சிக்மகளூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே அமைந்துள்ளது குதிரேமுக். ஒரு பக்கத்திலிருந்து நோக்கும்போது மலை முகடு குதிரையின் முகத்தை ஒத்திருப்பதால் கன்னட மொழியில் இப்பெயர் வழங்கலாயிற்று. ஆண்டு மழைவீழ்ச்சி 6,000 மில்லிமீற்றரைத் தாண்டும் பிரதேசம் இது. துங்கா, பத்ரா, நேத்திராவதி ஆகிய மூன்று ஆறுகள் இம்மலைத் தொடரில் ஊற்றெடுக்கின்றன. முதலிரண்டும் கிழக்கே ஓடி ஒன்றுகூடித் துங்கபத்ரையாகிக் கிருஷ்ணா நதியில் கலக்க, மூன்றாவது மேற்கே இறங்கி மங்களூர் மக்களின் தாகம் தீர்க்கின்றது. புல்வெளிகளும் சோலைக் காடுகளும் மாறி மாறி அமைந்த இங்குதான் உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு வாழ்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் உயிரியலாளர்கள் ஒரே உயிர்ப்பல்வகைமைச் செறிவிடமாகவே கணிக்கின்றனர். எமது சிங்கராஜ வனத்திற்கு அது ஒருவகையில் உறவு முறையானது எனலாம்.

இம்மலைகளில் இரும்பு உண்டென்பதை 1913 இல் மைசூர் சமஸ்தானத்தின் புவிச்சரிதவியல் திணைக்களத்தைச் சேர்ந்த சம்பத் ஐயங்கார் கண்டறிந்தார். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் எவரும் அதனைச் சீண்டவில்லை. காரணம் எளிது. அங்கிருப்பது தரம் குறைந்த தாது. இந்தியாவின் ஏனைய சுரங்கங்களில் அறுபது சதவீதத்திற்கும் மேல் இரும்புள்ள ஹெமடைட் என்னும் சிவப்புத் தாது வாரியெடுக்கும் நிலையில் கிடைக்கையில், முப்பத்தெட்டு சதவீதமளவே இரும்புள்ள பாறையை யார்தான் விரும்புவர்? ஆனால் குதிரேமுக் தாதுக்கு வேறொரு சிறப்பு இருந்தது. அது மக்னடைட் எனப்படும் காந்த இரும்புக்கல். அரைத்துத் தூளாக்கினால் காந்தத்தைக் கொண்டே இரும்பை வேறாக்கி எடுத்துவிடலாம். அதற்குப் பெரும் முதல் வேண்டும். 1969 இல் முப்பதாண்டுக் குத்தகை வழங்கப்பட்ட போதும் முதலிடுவதற்கு ஆளில்லாமலே சில ஆண்டுகள் கழிந்தன.

ஆள் வந்தது ஈரானிலிருந்து. 1973 இன் எண்ணெய் விலையேற்றத்தினால் தெஹ்ரானின் திறைசேரி நிரம்பி வழிந்த காலம் அது. மன்னர் ஷா தம் நாட்டை உருக்கு உற்பத்தியில் முன்னணிக்குக் கொண்டுவர ஆசை கொண்டிருந்தார். எண்ணெய்க்குப் பணம் செலுத்த வழி தேடிக் கொண்டிருந்தது இந்தியா. 1975 நவம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. ஈரான் 630 மில்லியன் டொலர் கடனாக வழங்கும். அப்பணத்தில் இந்தியா சுரங்கத்தையும் ஆலையையும் துறைமுக வசதியையும் அமைக்கும். பின்னர் இருபதாண்டுகளுக்கு மேலான காலத்தில் 150 மில்லியன் தொன் செறிவூட்டப்பட்ட தாதினை ஈரானுக்கு அனுப்பிவைக்கும். இதற்கென்றே 1976 ஏப்ரலில் குதிரேமுக் இரும்புத் தாதுக் கம்பனி இந்திய மத்திய அரசின் உடைமையாக உருவாக்கப்பட்டது. ஒரேயொரு வாடிக்கையாளருக்காகவே ஒரு மலை, ஒரு நகரம், ஒரு அணைக்கட்டு, ஒரு துறைமுகப் பகுதி என்பன திட்டமிடப்பட்டமை உலகச் சுரங்க வரலாற்றில் அரிதான நிகழ்வென்றே நாம் கருதுகின்றோம்.

வேலை குறித்த காலத்தில் முடிந்தது. இந்தியப் பொதுத்துறைத் திட்டங்களைப் பற்றி அவ்வாறு எழுதும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் 1980 இல் இயந்திரங்கள் சுழலத் தயாரான வேளையில் ஷா நாட்டை விட்டு ஓடி ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. 1979 இன் இஸ்லாமியப் புரட்சி மன்னராட்சியை மட்டுமன்றி அதன் ஆடம்பரமான கைத்தொழில் திட்டங்களையும் புரட்டிப் போட்டது. கடனின் எஞ்சிய தவணைகள் வரவில்லை. இந்திய அரசே மீதிப் பணத்தைப் போட்டுப் பணியை முடிக்க வேண்டியதாயிற்று. தாதினை ஏற்கவும் ஈரான் முன்வரவில்லை. 1980 செப்டெம்பரில் ஈராக்குடன் போர் மூண்ட பின்னர் அந்த நம்பிக்கையும் அற்றுப் போனது. பெண் பார்த்து, நாள் குறித்து, பந்தலிட்ட பின்னர் மாப்பிள்ளை வீட்டார் வாராது போனால் எப்படியோ அப்படியாயிற்று குதிரேமுக்கின் நிலை.

இவ்விடத்தில், அங்கு நடந்த வேலை என்னவென்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தம். இரும்பு வேண்டுமென்று கேட்பவர்கள் கோடிக்கணக்கில் உள்ளனர். தாது எவ்வாறு உலைவாசலை அடைகின்றது என்று அறிந்தோர் மிகச் சிலரே.

மலையுச்சியிலிருந்து படிக்கட்டுப் போன்று வெட்டிக்கொண்டு இறங்கும் திறந்தவெளிச் சுரங்கம் அது. மேற்பரப்பில் பன்னெடுங்கால மழையில் உக்கி இளகிப்போன தாது. அதன் கீழே இறுகிய கரும்பாறை. வெடிவைத்துப் பெயர்த்த பாறை முதலில் நொறுக்கிகளிலும் பின்னர் பாரிய அரைவை உருளைகளிலும் இடப்பட்டது. இவ்வுருளைகளில் பாறையே பாறையை அரைக்கும் என்பது இதன் விந்தை. மாவாகிய தூளை நீரோடு கலந்து காந்தப் பிரிப்பான்களுக்கூடாக ஓடவிட்டால் இரும்புத் துணிக்கைகள் ஒட்டிக்கொள்ள, மணற்சத்து நீரோடு கழிந்துவிடும். முப்பத்தெட்டு சதவீதமாக உள்ளே சென்ற இரும்பு ஏறத்தாழ அறுபத்தேழு சதவீதமாக வெளியே வந்தது. ஆண்டொன்றுக்கு 7.5 மில்லியன் தொன் செறிவைத் தயாரிக்கும் கொள்ளளவு அவ்வாலைக்கு இருந்தது.

ஒரு தொன் செறிவுக்கு ஏறக்குறைய மூன்று தொன் பாறை வேண்டும். அப்படியானால் மீதி இரண்டு தொன்? அது சேறு. அந்தச் சேற்றைத் தேக்கிவைக்கவென்றே பத்ராவின் கிளையாறான லக்யாவுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டது. நூறு மீற்றர் உயரம் வரை எழுந்த அந்த அணைக்குப் பின்னால், கால் நூற்றாண்டுச் சேறு ஒரு பள்ளத்தாக்கையே நிரப்பி நிற்கின்றது. மேலிருந்து பார்ப்போருக்கு அழகிய ஏரியாகத் தென்படுமாம்.

செறிவூட்டப்பட்ட தாது புகையிரதத்தில் செல்லவில்லை. லொறியிலும் செல்லவில்லை. நீரோடு கலந்த கூழாகவே 67 கிலோமீற்றர் உருக்குக் குழாயினூடாக மலைச்சரிவில் இறங்கி மங்களூரின் பணம்பூர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. மலையின் உயரமே அதனைக் கீழே தள்ளியது. செலவு சொற்பம், தூசியும் இல்லை. ஆனால் காடுகளுக்கும் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் ஊடாகச் செல்லும் குழாய் என்றைக்காவது வெடித்தால் கறுத்த கூழ் வயலில் பரவிவிடும். அவ்வாறு பரவிய சந்தர்ப்பங்களும் உண்டு. பணம்பூரில் அக்கூழை வடிகட்டி நீரை அகற்றி, குவித்து, பட்டி வழியாகக் கப்பலில் ஏற்றினர்.

ஈரான் கைவிட்ட பின்னர் கம்பனியினர் கற்றுக்கொண்ட முதற்பாடம், வெறும் தூளை வாங்குவோர் குறைவென்பதே. ஊதுலையில் தூளை அப்படியே கொட்ட முடியாது. கீழிருந்து மேலெழும் சூடான வாயு தூளினூடே புக வழியின்றி அடைபட்டுவிடும். அல்லது தூளையும் அள்ளிக்கொண்டு மேலே பறந்துவிடும். எனவே தூளைச் சிறு உருண்டைகளாக்க வேண்டும். இதனையே பெலட் என்கின்றனர். 1987 இல் பணம்பூரில் ஆண்டுக்கு 3 மில்லியன் தொன் கொள்ளளவுடைய பெலட் ஆலை இயங்கத் தொடங்கியது.

பெலட் செய்யும் விதம் எங்கள் வீடுகளில் பண்டிகைக்குப் பயறு உருண்டை பிடிப்பதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. ஈரத்தூளில் பெந்தனைட் என்னும் பசைக் களிமண்ணையும் சிறிது சுண்ணக்கல்லையும் சேர்த்து, சாய்வாகச் சுழலும் பெருந்தட்டில் இடுகின்றனர். சுழற்சியில் தூள் தானாகவே உருண்டு திரண்டு, பட்டாணிக் கடலையளவு முதல் சிறு கோலிக்குண்டளவு வரை வளரும். அந்தப் பச்சை உருண்டைகளை உலர்த்தி, நகரும் இரும்புக் கட்டில் மீது பரப்பி, 1,300 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டெடுத்தால் கல் போல் இறுகிவிடும். கப்பலில் ஏற்றினாலும் இறக்கினாலும் உடையாது. மழையில் நனைந்தாலும் கரையாது. சிந்தர் எனப்படும் மற்றொரு வகைத் திரட்டு இருக்கின்றதாயினும் அது தூரப் பயணத்தில் நொறுங்கிவிடும். எனவே உருக்காலையின் பக்கத்திலேயே அதனைத் தயாரிக்க வேண்டும். கடல் கடந்து விற்பதற்கு ஏற்றது பெலட்டே. ஜப்பானும் சீனாவும் குதிரேமுக்கின் முக்கிய வாடிக்கையாளர்களாயின.

இதிலே காந்தக் கல்லுக்குரிய ஒரு நுட்பத்தை மறந்துவிடலாகாது. மக்னடைட்டைச் சுடும்போது அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஹெமடைட்டாக மாறுகின்றது. அம்மாற்றத்தில் வெப்பம் வெளிப்படுகின்றது. அதாவது உருண்டை தன்னைத் தானே ஓரளவு சுட்டுக்கொள்கின்றது. எரிபொருள் மிச்சமாகின்றது. ஏற்கெனவே ஹெமடைட்டாக இருக்கும் தாதுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இச்சிறு வேறுபாடு பின்னாளில் அவ்வாலையின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் பங்கு கொண்டது.

வாடிக்கையாளர் கிடைத்தனர், டொலரும் வந்தது. எனினும் மலையின் கணக்கு வேறாக இருந்தது. சுரங்கம் அமைந்திருந்தது பத்ரா ஆற்றின் தலைப்பகுதியில். இந்தியாவிலேயே மிகக் கடுமையான மழை பெய்யும் இடங்களுள் ஒன்றில் மலையின் தோலை உரித்து வைத்திருந்தால் என்ன நேரும்? ஒவ்வொரு பருவமழையின் போதும் வெட்டப்பட்ட மண் ஆற்றில் இறங்கியது. சுரங்கம் ஆற்றுப்படுகையின் மிகச் சிறிய பகுதியே எனினும் பத்ராவின் வண்டலில் அதன் பங்கு மிகப் பெரிதென்பதை நீரியல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். கீழே பத்ரா நீர்த்தேக்கத்தை நம்பிப் பயிரிடும் உழவர்களுக்கு இது வெறும் காட்டுப் பிரச்சினை அல்ல.

1987 இல், அதாவது பெலட் ஆலை தொடங்கிய அதே ஆண்டில், கர்நாடக அரசு சுமார் 600 சதுர கிலோமீற்றர் பரப்பைக் குதிரேமுக் தேசியப் பூங்காவாக முதலில் அறிவித்தது. ஒரே ஆண்டில் ஒரு கை சுரங்கத்தை வளர்க்க, மறு கை அதனைச் சுற்றி வேலி போட்டது. இந்த முரண்பாடு எங்கேயாவது வெடித்தே தீர வேண்டும். 1999 இல் குத்தகை முடிந்தபோது வெடித்தது. குத்தகை மேலும் இருபதாண்டுகளுக்கு வேண்டுமென்றது கம்பனி. முன்னாள் வன அதிகாரியான கே.எம்.சின்னப்பா இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2002 ஒக்டோபர் 30 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, ஏற்கெனவே தோண்டப்பட்ட பகுதியில் உக்கிய மேற்தாதினை மாத்திரம் 2005 டிசம்பர் இறுதி வரை எடுக்கலாம், அதன் பின் சுரங்கம் மூடப்பட வேண்டும் எனக் கூறியது. கால நீடிப்புக்கான முயற்சிகள் பலிக்கவில்லை. 2005 டிசம்பர் 31 உடன் குதிரேமுக்கில் அகழ்வு நின்றது. அரசுக்குச் சொந்தமான, இலாபம் ஈட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் சுரங்கத்தை அந்நாட்டு நீதிமன்றமே காட்டுக்காக மூட வைத்தமை தெற்காசியாவில் அபூர்வமானது.

தீர்ப்பைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் குடும்பங்களுக்காக எழுப்பப்பட்ட நகரம் வெறிச்சோடியது. பாடசாலையும் மருத்துவமனையும் கடைவீதியும் இருந்த ஊர், குடியிருப்போரின்றி மழையில் ஊறியது. இன்னொரு சாராரின் நிலை இதைவிடச் சிக்கலானது. மலேகுடியர் எனும் பழங்குடி மக்கள் சுரங்கத்திற்கு முன்னரே இக்காட்டில் வாழ்ந்தவர்கள். சுரங்கத்தினால் அவர்களுக்கு நன்மை ஏற்படவில்லை. பூங்கா வந்தபோதோ காட்டை விட்டு வெளியேறுமாறு அவர்களுக்கும் சொல்லப்பட்டது. இயந்திரத்தையும் ஏர் பிடித்தவனையும் சட்டம் ஒரே கண்கொண்டு நோக்கியதன் விளைவு மோசமாயிற்று. அவ்வெளியேற்றத்திற்கு எதிரான மனக்கசப்பில் 2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் நக்சலைட் இயக்கம் இம்மலைகளில் வேர்கொண்டது. 2003 இல் முதல் உயிர்ப்பலிகள் நிகழ்ந்தன. 2025 ஜனவரியில் அறுவர் கொண்ட குழுவொன்று பெங்களூரில் முதலமைச்சர் முன்னிலையில் சரணடையும் வரை அது நீடித்தது. காட்டைக் காப்பதென்பது காட்டிலிருந்து மனிதரை அகற்றுவதே என்ற எண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை, காணிப் பிரச்சினைகளில் உழன்றுவரும் எமது மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சுரங்கம் மூடப்பட்டாலும் மங்களூரின் பெலட் ஆலை மூடப்படவில்லை. வேறிடங்களிலிருந்து தாது வாங்கி அதனை இயக்க முற்பட்டனர். சத்தீஸ்கரின் பைலதிலா மலைத் தாது புகையிரதத்தில் விசாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து கப்பலேறி, நாம் ஆரம்பத்தில் குறிப்பிட்டவாறு இலங்கையைச் சுற்றி மங்களூரை அடைவது இதனால்தான். முன்னர் கூழாகத் தானே இறங்கி வந்த பொருளுக்கு இப்போது தாது விலை, புகையிரதக் கட்டணம், இரு துறைமுகக் கட்டணம், கப்பற்கூலி அனைத்தும் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்குப் பைலதிலாத் தாது ஹெமடைட். தன்னைத் தானே சுட்டுக்கொள்ளும் குணம் அதற்கில்லை. எரிபொருள் அதிகம் வேண்டும். இத்தனையும் கொடுத்துச் செய்த பெலட்டை உலகச் சந்தையில் விற்றால் விலை நன்றாயிருக்கும் ஆண்டில் மட்டுமே தாக்குப் பிடிக்கலாம். 2022 மே மாதம் இந்திய அரசு பெலட் ஏற்றுமதிக்கு திடீரென 45 சதவீத வரி விதித்து, அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. அந்த ஆறு மாதங்களில், ஏற்றுமதியையே நம்பியிருந்த ஆலைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சுரங்கம் மூடப்பட்டது மிகையான நடவடிக்கை என்று கருதுவோர் பிரேசிலைப் பார்க்கலாம். அங்கே சமார்கோ எனும் நிறுவனம் 1977 முதல் நடத்திவந்த தொழில் குதிரேமுக்கின் உடன்பிறப்புப் போன்றது. மலையில் தாது அரைத்து, கூழாக்கி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் குழாயில் கடற்கரைக்கு அனுப்பி, அங்கு பெலட்டாக்கிக் கப்பலேற்றுவது. கழிவுச் சேறு அணைகளில். 2015 நவம்பர் 5 ஆம் திகதி அவ்வணைகளில் ஒன்று உடைந்தது. பத்தொன்பது பேர் மாண்டனர். சேறு டோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீற்றருக்கும் மேல் பயணம் செய்து அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சென்றடைந்தது. லக்யா அணை வேறு விதமாகக் கட்டப்பட்டது என்பது உண்மையே. எனினும் அணையைக் கட்டிய சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அணை இருக்கும், மழையும் பெய்யும். அதனைப் பராமரிக்கும் பொறுப்புக்கு முடிவுத் திகதி கிடையாது.

உலகம் பெலட்டைக் கைவிடப் போவதுமில்லை. மாறாக அதற்கான தேவை புதிய திசையிலிருந்து வருகின்றது. நிலக்கரி கொண்டு இரும்பை உருக்கும் ஊதுலைகள் பெருமளவில் கரியமில வாயுவை வெளியிடுவதால், இயற்கை வாயுவைக் கொண்டோ ஐதரசனைக் கொண்டோ இரும்பைப் பிரித்தெடுக்கும் முறைக்குப் பல நாடுகள் மாற முயல்கின்றன. மத்திய கிழக்கு நாடுகள் நெடுங்காலமாகவே வாயுவைக் கொண்டு இதனைச் செய்து வருகின்றன. எமது வாசகர்களுள் அந்நாடுகளில் தொழில் பார்த்துத் திரும்பியோர் பலர். ஓமானின் சோஹார் துறைமுகத்தில் 2011 இல் பிரேசிலின் வாலே நிறுவனம் திறந்த பாரிய பெலட் ஆலையை அவர்களுள் சிலரேனும் கண்டிருப்பர். இம்முறைக்கு உயர்தரமான, அறுபத்தேழு சதவீதமளவில் இரும்புள்ள பெலட் தேவை. குதிரேமுக் செறிவின் தரமும் அதுவே. மலையின் பெறுமதி ஏறிக்கொண்டேதான் போகின்றது. 2012 இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது குதிரேமுக் பூங்காவும் அவற்றுள் ஒன்றாயிற்று என்பதனால் அதன் மீது மீண்டும் கைவைப்பது இலகுவாக இராது.

அதே கம்பனி வேறிடத்தை நாடியுள்ளது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் சந்தூர் அருகேயுள்ள தேவதாரி மலையில் அதற்குச் சுரங்கம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூனில் மத்திய உருக்குத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற எச்.டி.குமாரசாமி அத்திட்டத்திற்குச் சாதகமாகக் கையொப்பமிட்டார். ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்கள் வீழ்த்தப்படும் என்ற செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பியது. காட்டு நிலத்தைக் கையளிக்க வேண்டாமென மாநில வன அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அதிகாரிகளுக்குப் பணித்தார். அவர் முன்வைத்த காரணங்களுள் முதன்மையானது தேவதாரியைப் பற்றியதல்ல. குதிரேமுக்கில் இழைத்த வன மீறல்களுக்கான கணக்கைக் கம்பனி இன்னும் தீர்க்கவில்லை என்பதே அது.